ஜப்பான் போனால் வெந்நீரை விட்டுவிட்டு வராதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த ஜப்பான் சுற்றுலாக் கட்டுரையைப் படித்தேன். ஃபுஜி மலை, செர்ரிப் பூ, புல்லட் ரயில் எல்லாம் சரியாகவே இருந்தன. பனிக்காலத்தைப் பற்றி மட்டும், குளிர் அதிகம், குழந்தைகளோடு போவதைத் தவிர்க்கலாம் என்கிற பொருளில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். டோக்கியோவுக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு, குளிர்காலம் வந்தால் பிள்ளைகளையும் ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்புகிறவள் நான். குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு இந்த நாட்டில் ஜனவரி, பிப்ரவரியைவிட நல்ல மாதம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் தூரம். காலையில் டோக்கியோவில் ஜோயெட்சு ஷிங்கான்சென் என்கிற புல்லட் ரயிலில் ஏறினால் சுமார் 80 நிமிடத்தில் நீகாத்தா மாநிலத்தின் எச்சிகோ யுஸாவா வந்துவிடும். வழியெல்லாம் பளிச்சென்று வெயில் அடிக்கும், பனி மருந்துக்கும் இருக்காது. 22 கிலோமீட்டர் நீளமுள்ள டாய்ஷிமிசு சுரங்கத்தைத் தாண்டினால் பருவமே மாறிவிடும், கூரைகளின் மேல் பனி குவிந்து கிடக்கும். சைபீரியாவிலிருந்து வருகிற வறண்ட குளிர்காற்று, தன்னைவிட வெதுவெதுப்பான ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை வாரிக்கொண்டு வந்து, மலையில் முட்டி, அத்தனையையும் அந்தப் பக்கமே பனியாகக் கொட்டிவிடுகிறது. டோக்கியோ பக்கம் வருவது வெறுங்காற்று. கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு நம் பக்கம் காய்ந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்றைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

யுஸாவாவுக்கு அடுத்து காலா யுஸாவா என்றொரு நிலையம் இருக்கிறது. 1990-இல் திறந்தது, பனிக்காலத்தில் மட்டும் இயங்கும். ரயிலை விட்டு இறங்கினால் அந்தக் கட்டடத்திலேயே டிக்கெட், வாடகை உடை, பனியில் சறுக்கும் ஸ்கீ பலகை, பூட்ஸ், மலைமேலே போக கோண்டோலா என்கிற கம்பிவடப் பெட்டி எல்லாம் இருக்கின்றன. கையுறையையும் தொப்பியையும் மட்டும் பல இடங்களில் வாடகைக்குத் தர மாட்டார்கள், டோக்கியோவிலேயே வாங்கிக்கொண்டு போய்விடுங்கள், மலையில் விலை கூடுதல். ஜீன்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒருமுறை நனைந்தால் மாலை வரைக்கும் காயாது.

நமக்கெதற்கு இந்த ஸ்கீ எல்லாம் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தியோடர் ஃபான் லெர்ஹ் என்ற ஆஸ்திரிய ராணுவ அதிகாரி 1911 ஜனவரியில் இதே நீகாத்தாவில் உள்ள தக்காதாவில் ஜப்பானிய வீரர்களுக்கு முறையாகக் கற்றுக்கொடுத்த பிறகுதான் இது இங்கே பரவியது. அவர்களுக்கே வெளியூர்ச் சரக்குதான். சின்னப் பிள்ளைகளுக்கென்று தனி இடம் வைத்திருக்கிறார்கள், தானாக நகரும் பெல்ட்டில் ஏறி நின்றால் மேட்டுக்குக் கொண்டுபோய் விடும், அங்கிருந்து பிளாஸ்டிக் சறுக்குப் பலகையில் உட்கார்ந்து இறங்கி வரலாம். மூன்று வயதுக் குழந்தைக்கும் முடியும். என் மகளுக்கு அந்தப் பலகையே போதும், ஸ்கீ வகுப்பு பக்கம் வரவே மாட்டேன் என்கிறாள். சறுக்காத பெரியவர்கள் கோண்டோலாவுக்கு மட்டும் டிக்கெட் வாங்கிக்கொண்டு மேலே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். சைவக்காரர்கள் சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோவது உத்தமம். கறியைத் தவிர்த்தாலும் குழம்பிலும் சூப்பிலும் மீன் சாறு இருக்கும்.

இனி நான் சண்டை போட வந்த விஷயம். ஊரிலிருந்து வருகிற நம்மவர்களில் பெரும்பாலானவர்கள் பனியில் நன்றாகப் புரண்டுவிட்டு, ஒன்சென் என்கிற வெந்நீர் ஊற்றுக் குளியலின் வாசல் வரை வந்து நின்றுவிடுகிறார்கள். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், உடையில்லாமல் இறங்க வேண்டும், நீச்சலுடைகூடக் கூடாது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் என்று சொன்னாலும் தயக்கம் போவதில்லை. உங்கள் கட்டுரைக்கு நடுவே குரங்குகள் வெந்நீரில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் படத்தைப் போட்டிருந்தீர்கள். நாகானோ மாநிலத்து ஜிகொகுதானியாகத்தான் இருக்கும். குரங்குகளே இறங்கும்போது நம் ஆட்கள் மட்டும் கரையில் நிற்பது என்ன நியாயம்?

என் மாமியார் பத்ரிநாத்தில் தப்த குண்டம் என்கிற வெந்நீர் ஊற்றில் முங்கியவர். "அங்கே சேலையோடு முங்கினேன், இங்கே எப்படிம்மா?" என்றார். நியாயமான கேள்விதான். இதற்கு வழி கஷிகிரி. ஒரு குடும்பம் மட்டும் முக்கால் மணி, ஒரு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்து உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிற குளியலறை. பல விடுதிகளில் உண்டு, முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். முதல்முறை அப்படித்தான் குளித்தார். அடுத்த குளிர்காலத்தில் வந்தபோது, எதற்கு வீணாய்க் காசைக் கொட்டுகிறாய் என்று என்னைத் திட்டிவிட்டு அவரே பெண்கள் பக்கம் நடந்துவிட்டார். அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. பாட்டிகள் தலைமேல் சின்னத் துண்டை மடித்து வைத்துக்கொண்டு தம் பாட்டுக்குக் கிடக்கிறார்கள்.

தொட்டிக்குள் இறங்குவதற்கு முன்பு குட்டி முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொள்ள வேண்டும். முடியைத் தூக்கிக் கட்ட வேண்டும். துண்டு தண்ணீரில் படக் கூடாது. பனியில் விறைத்த காலுக்கு 42 டிகிரி தண்ணீர் தீயாகச் சுடும், முதலில் காலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பழக்குங்கள். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. அப்புறம் நம் பெண்களுக்கு மட்டுமான ஒரு சங்கதி: கந்தகம் கலந்த ஊற்று என்றால் வெள்ளிக் கொலுசும் மெட்டியும் கறுத்துப்போகும், கழற்றி வைத்துவிடுங்கள். உடம்பில் பச்சை குத்தியவர்களைப் பல இடங்களில் விடுவதில்லை, கையில் கோலப் பச்சை குத்திய நம் கிராமத்துப் பாட்டிகளுக்கும் அது பொருந்தும். சின்னதாக இருந்தால் மேலே பட்டை ஒட்டி மறைத்துக்கொள்ளச் சொல்லிச் சில இடங்களில் அனுமதிப்பார்கள். இல்லாவிட்டால் கஷிகிரிதான்.

பிள்ளைகள் விஷயத்தில் விதி மாறியிருக்கிறது. முன்பெல்லாம் பத்து வயதுக்கு உட்பட்ட மகளை அப்பா தன் பக்கம் கூட்டிப்போகலாம். 2020 டிசம்பரில் சுகாதார அமைச்சகம் அந்த வரம்பைச் சுமார் ஏழு வயது என்று குறைத்து வழிகாட்டுதல் கொடுத்தது, அதையொட்டிப் பல மாநிலங்கள் மாற்றிக்கொண்டன. ஆகவே எட்டு வயது மகளோடு அப்பா மட்டும் தனியாகப் போகிறாரென்றால் ஒன்சென் வாசலில் சிக்கல் வரும், முன்பே யோசித்து வைக்க வேண்டும்.

இவற்றில் பாதியையாவது உங்கள் சுற்றுலாப் பக்கத்தில் போட்டால் கோடை விடுமுறையை மட்டும் நம்பியிருக்கிற குடும்பங்கள் பொங்கல் விடுமுறையையும் யோசிப்பார்கள். அப்படி வருகிறவர்கள் ஞாயிறு மாலை டோக்கியோ திரும்பும் ரயிலில் கட்டாயம் இடம் பதிவு செய்துகொள்ளட்டும். ஸ்கீ முடித்த கூட்டம் மொத்தமும் அந்த நேரத்தில்தான் ஏறும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சைத்தாமா, ஜப்பான்