நொய்யலுக்குக் கணக்குப் போடப் போகிறவளுக்கு

அன்புள்ள கண்ணு,

பி.ஏ. எகனாமிக்ஸ் முடித்த கையோடு சுற்றுச்சூழல், இயற்கை வளப் பொருளாதாரத்தில் எம்.ஏ. சேரப் போகிறாயாம். "மரம் நடுவதற்கு எதற்குடா எம்.ஏ.?" என்று உன் அம்மா என்னிடம் கேட்கிறாள். அவளை நான் சமாளித்துக்கொள்கிறேன்.

மரம் பிடிக்கும், யானை பிடிக்கும் என்பதற்காக மட்டும் இதில் சேராதே. இந்தப் படிப்பில் யானை வருவதற்குள் கால்குலஸ் வந்துவிடும். ஒருவர் லாபத்துக்கான செலவை இன்னொருவர் தலையில் எப்படிக் கட்டுகிறார்கள் என்ற கேள்வி உன்னை உறுத்துகிறதென்றால், தாராளமாகச் சேர்.

நம் திருப்பூரையே பார். சாயக் கழிவு நொய்யல் ஆற்றில் இறங்கியது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கியது. சுற்றுவட்டாரக் கிணறுகளில் உப்பு ஏறி வெள்ளாமை போனது. பனியன் விலையில் அந்தக் கிணற்றுக்கான காசு சேரவே இல்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னபோது நீ சின்னப் பிள்ளை. நீதிமன்றம் மூடச் சொல்லலாம், திறக்கச் சொல்லலாம். ஆனால் ஒரு கிணறு உப்பானதால் எத்தனை போக விளைச்சல் போனது, சுத்திகரிக்க எவ்வளவு ஆகும், அதைச் சின்ன ஆலை தாங்குமா, இதையெல்லாம் கணக்குப் போட்டுச் சொல்ல ஆள் வேண்டுமே. சென்னையில் இருக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வாளர்கள் திருப்பூர்ச் சேதத்துக்கு அப்படி ஒரு மதிப்பீடு போட்டார்கள்.

சூரத்தில் நடந்தது இன்னும் சுவாரசியம். 2019-இல் அங்கே புகைத்தூசிக்கு ஒரு சந்தையே தொடங்கினார்கள். மொத்தம் இவ்வளவுதான் விடலாம் என்று வரம்பு; தன் பங்கைவிடக் குறைவாக விட்ட ஆலை மிச்ச உரிமத்தை விற்றுக்கொள்ளலாம். முந்நூறுக்கும் மேற்பட்ட ஆலைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சந்தைக்குள் இருந்தவற்றையும் வெளியே இருந்தவற்றையும் ஒப்பிட்டதில், உள்ளே இருந்தவற்றின் தூசி 20 முதல் 30 சதவீதம் குறைந்திருந்தது. அந்தக் குலுக்கல் எதற்கு என்று புரிய எகனோமெட்ரிக்ஸ், அதாவது புள்ளிவிவரத்தை வைத்துப் பொருளாதாரக் கேள்விகளைச் சோதிக்கும் கணக்கு, வேண்டும். அதனால்தான் கணக்கு, கணக்கு என்று அடித்துக்கொள்கிறேன்.

சரி, எங்கே சேர்வது? கோட்டூர்புரத்தில் அதே மெட்ராஸ் ஸ்கூலில் இதற்கென்றே இரண்டு வருட எம்.ஏ. இருக்கிறது. ஆனால் பட்டத்தின் பெயரில் மயங்காதே. எகனோமெட்ரிக்ஸ் அழுத்தமாகச் சொல்லித்தரும் பொதுவான எம்.ஏ.வில் சேர்ந்து, சுற்றுச்சூழல் தாள்களை விருப்பப் பாடமாக எடுப்பதும் நல்ல வழிதான். இன்னொரு விஷயம். மத்திய அரசில் பொருளாதார அதிகாரியாகச் சேர்வதற்கான இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால், யு.பி.எஸ்.சி. அறிவிக்கையில் எந்தெந்தப் பட்டங்கள் செல்லும் என்று பெயர் சொல்லிப் போட்டிருப்பார்கள். நீ வாங்கப்போகும் பட்டம் அதில் அடங்குமா என்று முதலிலேயே பார்த்துவிடு.

வெளிநாடு என்றால் தேடும்போது 'விவசாய, வளப் பொருளாதாரம்' என்றும் போட்டுத் தேடு. அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம், மேரிலாந்து பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் துறையின் பெயரே அதுதான். நெதர்லாந்தில் வாகனிங்கன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அமெரிக்காவில் பி.எச்டி.க்கு இடம் கிடைத்தால் பெரும்பாலும் கட்டணமும் இல்லை, உதவித்தொகையும் உண்டு. எம்.எஸ். என்றால் பெரும்பாலும் கைக்காசு. அதற்காக வீட்டை அடமானம் வைக்க நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வேலையா? மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பெரும்பாலும் பொறியாளர்களையும் விஞ்ஞானிகளையும்தான் எடுக்கும். அதை நம்பிப் படிக்காதே. ஆய்வு நிறுவனங்கள், ஆலோசனை நிறுவனங்கள் இருக்கின்றன. 2023-இல் மத்திய அரசு கார்பன் கிரெடிட் (கரியமில வாயுவைக் குறைத்ததற்குக் கிடைக்கும், விற்கக்கூடிய சான்று) வர்த்தகத் திட்டத்தை அறிவித்திருப்பதால் அந்தப் பக்கமும் ஆள் தேவைப்படும். காட்மாண்டுவைத் தளமாகக் கொண்ட சாண்டி என்ற அமைப்பு, தெற்காசிய ஆய்வாளர்களுக்கு இதே துறையில் பயிற்சி கொடுக்கிறது. பின்னால் உதவும், பெயரைக் குறித்து வைத்துக்கொள்.

இந்த லீவில் லீனியர் அல்ஜீப்ராவைத் தூசி தட்டு. கல்லூரியில் கணிதத் தாள்களில் எவ்வளவு வாங்கினாய் என்று மறைக்காமல் எழுது. அதை வைத்துத்தான் எங்கெங்கே விண்ணப்பிக்கலாம் என்று சொல்ல முடியும்.

அன்புடன்,
மாமா