வருகிறேன் என்று சொன்னீர்கள், வந்தீர்கள்

அன்பான சபையாருக்கு,

கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள்.

இதையெல்லாம் சாட்சி வேளையில் எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்கள் முதல் சில மாதங்கள் கூட்டமான இடத்துக்குப் போகக் கூடாது. புதிய சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கும் மருந்துகள், நோயை எதிர்க்கும் சக்தியையும் சேர்த்துக் குறைத்துவிடுகின்றன. அப்படிச் சிறுநீரகம் பொருத்திய என் கணவருக்கு என் மூலமாகத் தொற்று எதுவும் வந்துவிடக் கூடாதே என்று நானும் ஒதுங்கியே இருக்கிறேன். நன்றி சொல்வதை இனியும் தள்ளிப்போட மனமில்லை. அதனால் எழுதுகிறேன்.

அதற்கு முன் அவர் 14 மாதங்கள் டயாலிசிஸில், அதாவது இயந்திரத்தின் மூலம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் சிகிச்சையில், இருந்தார். வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். ஏறத்தாழ 180 முறை அவரை அதிகாலையில் கொண்டுபோய் விட்டு, முற்பகலில் திரும்பக் கூட்டிவர வேண்டியிருந்தது. அவருடைய கூடப் பிறந்த அக்கா தன் சிறுநீரகத்தைக் கொடுத்தார். இன்று என் கணவர் நலமாக இருக்கிறார். அந்த அக்காவுக்கு நான் என்ன எழுதினாலும் போதாது. அது தனியாக, நேரில் சொல்ல வேண்டியது. இந்த மடல், அந்த நாள் வரை அவரை உயிரோடு கொண்டுவந்து சேர்த்த உங்களுக்கு.

மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். சிறுநீரகம் நின்றுபோனவருக்கு உடம்பில் நீரும் பொட்டாசியமும் வெளியேற வழி கிடையாது. ஒரு முறை தவறினால் கால் வீங்கும், மூச்சு முட்டும், இதயத் துடிப்பே தடுமாறலாம். எங்களுக்குக் கிடைத்த நாள்கள் செவ்வாய், வியாழன், சனி. சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவே ஒரு நாள் கூடுதலாக இடைவெளி விழும். வாரத்தில் ஆபத்து அதிகமான நேரமே அந்த இடைவெளியின் முடிவுதான் என்று டாக்டர் எங்களிடம் சொல்லியிருந்தார். ஞாயிறு சாயங்காலம் ஆனதுமே அவர் குடிக்கும் தண்ணீரை அளந்து அளந்து ஊற்றுவேன். திங்கள் இரவு அவருடைய கணுக்காலை விரலால் அழுத்திப் பார்ப்பேன். பள்ளம் விழுந்து, நிரம்ப நேரமாகும். அப்போது நான் ஜெபித்தது ஒன்றே ஒன்றுதான். ஆண்டவரே, காலையில் வண்டி வர வேண்டும்.

செய்தி தெரிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் உங்களில் எத்தனையோ பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எதுவானாலும் கேளுங்க" என்றீர்கள். அன்போடுதான் சொன்னீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். அப்படிச் சொல்லும்போது, கேட்கிற பாரம் கேட்பவரிடமே தங்கிவிடுகிறது. யாரைக் கேட்பது, எத்தனை முறை கேட்பது, போன வாரம்தானே கேட்டோம் என்று மனசு அலைபாயும். அந்தக் கூட்டத்தில் ஓர் அண்ணன் மட்டும் வேறு மாதிரிக் கேட்டார். "எந்தக் கிழமை? எத்தனை மணிக்கு அங்கே இருக்கணும்?" என்றார். 6 மணிக்கு என்றேன். "செவ்வாய் என்னுது. 5.15க்கு வாசல்ல இருப்பேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அண்ணே, நீங்கள் அந்த 14 மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமைகூடத் தவறவில்லை. மழையில் வந்தீர்கள். பேரக்குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு வெளியூர் போயிருந்த வாரத்தில், திங்கள் இரவே பஸ் பிடித்துத் திரும்பினீர்கள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். ஹாரன் அடித்ததில்லை. வண்டியை நிறுத்திவிட்டு, நாங்கள் வெளியே வரும்வரை வேதாகமத்தை மடியில் வைத்து வாசித்துக்கொண்டிருப்பீர்கள். வண்டிக்குள் எரியும் அந்தச் சின்ன விளக்கை ஜன்னலில் பார்த்ததும் என் கணவர் சொல்வார், "வந்தாச்சு." அந்த ஒரு வார்த்தையில் எங்கள் வீட்டின் பயமெல்லாம் கொஞ்சம் இறங்கும். இரண்டாம் மாதத்துக்கு அப்புறம் திங்கள் இரவு நான் தூங்க ஆரம்பித்தேன். நீங்கள் கொடுத்தது வண்டிச் சவாரி என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு அது தூக்கம்.

வியாழக்கிழமையை எடுத்துக்கொண்ட வாலிபர் கூட்டத்துத் தம்பிகள் இருவருக்கும் நன்றி. முறை மாறும்போதும், ஒருவருக்குத் தேர்வு வந்தபோதும், நீங்களே உங்களுக்குள் பேசி முடித்துவிடுவீர்கள். "இன்னிக்கு யார் வர்றீங்க?" என்று நான் போன் செய்ய வேண்டிய நாள் வந்ததே இல்லை. திரும்பி வரும்போது அவருக்கு ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், பேச முடியாது. வழியெல்லாம் பேசாமல் ஓட்டக் கற்றுக்கொண்டீர்கள். உங்கள் வயதில் அது பெரிய காரியம்.

இந்த ஒழுங்கு ஏற்படுவதற்கு முன் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். சொன்னால்தான் மற்றதன் அருமை புரியும். இரண்டாம் வாரத்தில் வருகிறேன் என்று சொல்லியிருந்த ஒருவர் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. யார் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லப்போவதில்லை. வாசலில் 40 நிமிடம் நின்றோம். மாமியாருக்கு நினைவு தப்புவதால் அவரைத் தனியே விட்டு நான் கிளம்ப முடியாது. கடைசியில் வாடகைக்கு வண்டி பிடித்து அவர் தனியாகப் போனார். அந்த இயந்திரத்துக்கு அடுத்த ஆள் காத்திருப்பார் இல்லையா, அதனால் அன்றைக்கு 4 மணி நேரம் 3 மணி நேரமாகச் சுருங்கியது. மறுநாள் முழுக்க அவருக்கு மூச்சு வாங்கியது. ஆபத்துக்காலத்தில் நம்பிக்கைத் துரோகியை நம்புவது உடைந்த பல்லுக்கும் சுளுக்கிய காலுக்கும் சமம் என்று நீதிமொழிகளில் வருவதை நான் பிள்ளைகளுக்கு மனப்பாட வசனமாகக்கூடக் கொடுத்திருக்கிறேன். காலை ஊன்றிய பிறகுதான் அது சுளுக்கிய கால் என்று தெரியும் என்பது அன்றுதான் உறைத்தது.

அப்புறம், "முடியாது" என்று சொன்ன ஒரு சகோதரிக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஆம், முடியாது என்று சொன்னதற்காகவே. உங்களிடம் நான் வாய்விட்டு உதவி கேட்டேன். நீங்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "காலையில் என்னால் வர முடியாதும்மா. வர்றேன்னு சொல்லிட்டு நடுவுல விட்டுடுவேன். மருந்துச் சீட்டை என்கிட்ட குடு, மாசா மாசம் 5ஆம் தேதி மருந்து உன் வீட்டுல இருக்கும்" என்றீர்கள். இருந்தது. ஒரு மாதம் 5ஆம் தேதி விடுமுறை என்று 4ஆம் தேதியே வந்துவிட்டது. தாவீது ராஜா மகனுக்குத் தப்பி ஓடிய நாள்களில் அவரைத் தாங்கிய பர்சிலாயை எனக்கு எப்போதும் பிடிக்கும். எருசலேமுக்கு வந்து என்னோடு இரு என்று ராஜா அழைத்தபோது, எனக்கு 80 வயதாகிறது, யோர்தானைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வருகிறேன், அதற்கு மேல் வேண்டாம் என்று அந்தப் பெரியவர் மரியாதையாகச் சொல்லிவிட்டார். ராஜாவிடமே தன்னால் எவ்வளவு முடியும் என்று அளந்து சொன்னார், அந்த அளவுக்கு நடந்தும் காட்டினார். சபைக்குள் "முடியாது" என்று சொல்ல நாம் கூச்சப்படுகிறோம், அது அன்பில்லாத பேச்சு போலத் தோன்றுகிறது. எனக்கு நீங்கள் சொன்னது அன்பாகத்தான் இருந்தது. உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லச் சொன்ன ஆண்டவர் இரண்டையும்தானே கேட்டார்.

தங்கை ஒருத்தி, வருகிறேன் என்று சொன்ன நாளுக்கு முந்தின இரவே கூப்பிட்டு, குழந்தைக்குக் காய்ச்சல், நாளைக்கு வர முடியாது என்று அழுதாள். அம்மா, நீ அழுதிருக்கவே வேண்டாம். முந்தின இரவே தெரிந்ததால் வேறு ஏற்பாடு செய்ய முடிந்தது. பவுல் அப்போஸ்தலனும்தான் கொரிந்துக்கு வருவதாகச் சொன்ன பயணத்தை மாற்ற வேண்டி வந்தது. ஏன் மாற்றினேன், என் வார்த்தை ஆம் என்றும் அல்ல என்றும் இரண்டாக இருக்கவில்லை என்று அவர் எழுதி விளக்கினார். சொன்னதை மாற்ற நேர்ந்தபோது, காத்திருப்பவர்களுக்கு அதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன் என்று அவர் நினைத்தார். நீயும் அதைத்தான் செய்தாய்.

சபையின் கரிசனைக் காணிக்கையிலிருந்து மாதந்தோறும் உதவிய மூப்பர்களுக்கும், அதற்காகக் கொடுத்த ஒவ்வொருவருக்கும் நன்றி. முதல் மாதம் கொடுப்பது எளிது, எல்லார் மனசும் இளகியிருக்கும். பத்தாம் மாதம் எங்கள் கதை பழசாகிவிட்டது. ஜெபக் குறிப்பிலும் எங்கள் பெயர் கீழே போயிருக்கும், அது இயல்புதான். கொரிந்து சபையாரும் எருசலேம் பரிசுத்தவான்களுக்கு உதவுவதை ஒரு வருஷத்துக்கு முன்பே ஆர்வத்தோடு ஆரம்பித்திருந்தார்கள், ஆரம்பித்ததை இப்போது செய்து முடியுங்கள் என்று பவுல் எழுத வேண்டியிருந்தது. எங்கள் காரியத்தில் யாரும் உங்களுக்கு அப்படி எழுத வேண்டி வரவில்லை. 14ஆம் மாதத்து உறை, முதல் மாதத்து உறை வந்த அதே முதல் ஞாயிறன்று வந்தது.

என் ஞாயிறு பள்ளி வகுப்பைப் பார்த்துக்கொண்ட தம்பிக்கு. "அக்கா, நீங்க வர்ற வரைக்கும்" என்று வாங்கிக்கொண்டாய். போன மாதம் வருகைப் பதிவேட்டை அனுப்பியிருந்தாய், பார்த்தேன். ஒரு ஞாயிறுகூட வெறுமையாக இல்லை. வராத பிள்ளையின் பெயருக்கு எதிரே, பென்சிலில், போய்ப் பார்த்த தேதியும் எழுதியிருந்தாய். நான் அத்தனை ஆண்டுகள் எடுத்த வகுப்பில் இதை நான் செய்ததில்லை.

இனி எழுதப்போவது எனக்குக் கஷ்டமானது. சனிக்கிழமை வந்த அக்காவைப் பற்றி.

சனிக்கிழமைகளில் நானே வண்டி ஓட்டுவேன். மாமியாரோடு இருக்க ஒருவர் வேண்டும். அக்கா விடியுமுன் வந்து, அவருக்குத் தலை வாரி, சங்கீதம் வாசித்துக் காட்டுவார். அதே கேள்வியை மாமியார் இருபது முறை கேட்டாலும் இருபது முறையும் முதல்முறை போலப் பதில் சொல்வார். 14 மாதமும் வந்தார்.

மூன்று வருடங்களுக்கு முன் இந்த அக்காவின் கணவர் இறந்தார். அடக்கம் முடிந்து எல்லோரும் கலையும்போது நான் அவரைக் கட்டிக்கொண்டு, "ஒவ்வொரு புதன்கிழமையும் சாயங்காலம் வந்து உங்களோடு இருக்கேன் அக்கா" என்றேன். மனதாரச் சொன்னேன். இரண்டு புதன்கிழமை போனேன். மூன்றாவது வாரம் ஏதோ வேலை. நான்காவது வாரம், போன வாரம் போகவில்லையே என்ற கூச்சம். அப்புறம் போகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்தால் சிரித்துக்கொள்வோம். "போகிறேன் ஐயா" என்று சொல்லிவிட்டுத் திராட்சத்தோட்டத்துக்குப் போகாத அந்த மகனைப் பற்றி நான் எத்தனை முறை வகுப்பில் பாடம் எடுத்திருக்கிறேன். ஒரு தடவைகூட என்னை அவன் இடத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

அக்கா இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. போன மாதம் நானே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முதல்ல கொஞ்ச நாள் புதன்கிழமை ஆனா வாசலைப் பாத்துட்டு இருப்பேன். அப்புறம் பழகிடுச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வாசலில் 40 நிமிடம் நின்றதற்கே எனக்கு அவ்வளவு வலித்தது. அவர் எத்தனை புதன்கிழமை காத்திருந்தாரோ.

அக்கா, வீட்டில் உங்களிடம் மன்னிப்புக் கேட்டேன், மன்னித்துவிட்டேன் என்றீர்கள். உங்களிடம் அனுமதி வாங்கித்தான் இதைச் சபைக்கு எழுதுகிறேன். நான் வாக்குக் கொடுத்தது பலர் நடுவில், அதனால் தவறியதையும் பலர் நடுவில் ஒப்புக்கொள்கிறேன். நான் வராமல் விட்ட வீட்டிலிருந்து கிளம்பி நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதவன் கர்த்தருடைய கூடாரத்தில் தங்குவான் என்று 15ஆம் சங்கீதத்தை என் மாமியாருக்கு வாசித்துக் காட்டியது நீங்கள்தான். பக்கத்து அறையில் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்த எனக்கு அது எப்படிக் கேட்டது என்று உங்களுக்குத் தெரியாது.

இன்னும் பலர் இருக்கிறீர்கள். மகளுக்குத் தேர்வு நேரத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியை, ஆஸ்பத்திரிக் காகிதங்களை வரிசைப்படுத்தித் தந்த சகோதரர், ஒவ்வொரு வியாழனும் ராத்திரி 9 மணிக்குப் போனில் ஜெபித்த போதகர் ஐயா. ஐயா, அந்த மணி அடித்தால் என் மாமியாருக்கே அது நீங்கள்தான் என்று தெரியும். மற்றதெல்லாம் மறந்தவருக்கு அது மட்டும் நினைவிருந்தது.

ஞாயிறு பள்ளிக்கு எப்போது திரும்புவேன் என்று கேட்கிறீர்கள். டாக்டர் இன்னும் தேதி சொல்லவில்லை. அதனால் நானும் சொல்லவில்லை. தெரிந்ததும் முதலில் அந்தத் தம்பிக்குச் சொல்வேன்.

புதன்கிழமை சாயங்காலங்களில் அக்கா வீட்டுக்குப் போக ஆரம்பித்திருக்கிறேன். இந்த வாரத்தோடு ஐந்தாவது புதன். அப்புறம், அண்ணனின் வண்டி இப்போது செவ்வாய்க்கிழமைகளில் வேறொரு வீட்டு வாசலில் நிற்கிறது. அந்தச் சகோதரிக்கும் வாரம் 3 நாள் டயாலிசிஸ். மாமியாரோடு இருக்க இப்போது வீட்டில் என் கணவர் இருப்பதால் வியாழக்கிழமையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். 5.15க்கு அவர்கள் வாசலில் இருப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் சகோதரி