சங்குக்குப் பதில் ஒரு மூடி

என் அன்புத் தோழிக்கு,

நான் நலம். நீயும் வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முட்டு வலி தேவலையா? அந்தமானிலிருந்து திரும்பிப் பத்து நாள் ஆகிறது. உன் மகள் ஆசையாகக் கேட்ட சங்கை நான் கொண்டுவரவில்லை. போனில் சொன்னால் அவசரத்தில் பாதி விட்டுப்போகும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாங்கள் போனது லாங் ஐலண்ட் என்ற சின்னத் தீவு. கூட்டமெல்லாம் ஹாவ்லாக் பக்கம் போய்விடுகிறது. (2018-இல் அதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். இன்னமும் எல்லோர் வாயிலும் ஹாவ்லாக்தான்.) போர்ட் பிளேரில் இருட்டோடு பஸ் ஏறினோம். ஜிர்காடாங்கில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, ஜாரவா என்ற பழங்குடி மக்களின் காட்டு வழியே மொத்தமாக அனுப்புகிறார்கள். நடுவில் நிற்கக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது. அப்புறம் மிடில் ஸ்ட்ரெயிட்டில் பஸ்ஸையே படகில் ஏற்றி அக்கரை சேர்த்தார்கள். ரங்கத் போய், எராட்டா படகுத்துறையில் இன்னொரு படகு. அலையாத்திக் காட்டைத் தாண்டிக் கடலுக்குள் வந்தபோது பஸ் அலுப்பெல்லாம் போய்விட்டது.

லாலாஜி பே என்ற கடற்கரை தீவின் இன்னொரு பக்கம் இருக்கிறது. மறுநாள் வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு காட்டு வழியாக நடந்தோம். திரும்பும்போது டோங்கியில் வருவதாகப் பேச்சு. அங்கே சின்னப் படகை அப்படித்தான் சொல்கிறார்கள். காடு முடிகிற இடத்தில் திடீரென்று வெளிச்சம். வெள்ளை மணல், அதற்கப்புறம் கண்ணாடி மாதிரித் தண்ணீர். ஒரு கடை இல்லை, குடை இல்லை, காலடித் தடம்கூட இல்லை. கரையோரம் தாழையும் புன்னையும் நிற்கின்றன. ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கடல் தாண்டிப் போய் நம்ம ஊர்ப் புன்னையின் நிழலில் உட்கார்ந்தேன். மணல் ஈதான் காலைப் பிடுங்கி எடுத்துவிட்டது. தழும்பு இன்னும் ஆறவில்லை.

அலை ஒதுக்கிய வரிசையில் அத்தனை சங்கு! உன் அப்பாவின் கடை ஞாபகம் வந்துவிட்டது. ராமேஸ்வரத்தில் மூட்டை மூட்டையாகச் சங்கு வந்து இறங்குமே. ஆசிட்டில் கழுவிய நெடி, நம் கைவிரல்களில் வெள்ளையாகப் படிந்த தூள், சிந்திய சோழியைப் பொறுக்கிக்கொண்டு போய்ப் பல்லாங்குழி ஆடியது. ஒருநாள் அப்பா இரண்டு சோழியைக் கையில் வைத்துக் காட்டினார், நினைவிருக்கிறதா? கரையில் கிடந்தது மங்கலாக இருந்தது. இன்னொன்று பளபளவென்று இருந்தது. “இது உயிரோடு எடுத்ததும்மா” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். 2001-இல் சில சங்கு வகைகளை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்த்தபோது அவர் ஒரு வார்த்தை புலம்பவில்லை. எனக்கு அது இப்போதுதான் உறைக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மகளுக்கென்று ஒரு சங்கு எடுத்தேன். நெல்லிக்காய் அளவு, உடையாதது, உள்ளே காலி. கழுவித் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டேன். சாப்பிட உட்கார்ந்தபோது காய்ந்த புன்னை இலைக்குள் சரசரவென்று சத்தம். ஒரு நீலப் பிளாஸ்டிக் மூடி தானாக நகர்ந்து வருகிறது. குனிந்து பார்த்தால் அடியில் நண்டு! சங்குக்குள் குடியிருக்குமே, அந்த நண்டு. அதற்கு முன்பக்கம்தான் ஓடு. பின்பக்கம் வெறும் சதை, உரித்த இறால் மாதிரி சுருண்டு கிடக்கிறது. தனக்கு ஒரு சங்கைத் தானே உண்டாக்கிக்கொள்ள அதனால் முடியாது. நத்தை செத்து விட்டுப்போனதைத் தேடித்தான் குடியேற வேண்டும், வளர வளரப் பெரிதாக மாற்றிக்கொள்ளவும் வேண்டும். இதற்கு வாய்த்தது பாட்டில் மூடி. முதுகு பாதி வெளியே தெரிந்தது.

முடிச்சை அவிழ்த்துச் சங்கை அதன் முன்னால் வைத்தேன். மூடிக்குள் ஒடுங்கிவிட்டது. நாங்கள் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தோம். ஐந்து நிமிஷம் இருக்கும், மெல்ல வெளியே வந்தது. சங்கைத் தொட்டது, உருட்டியது, வாய்க்குள் காலை விட்டு ஆழம் பார்த்தது. அப்புறம் ஒரே உதறல், பின்பக்கத்தைச் சங்குக்குள் செருகிக்கொண்டது. கண்ணை இமைத்திருந்தால் தவறவிட்டிருப்பேன். உடனே ஓடவில்லை, ஒரு தரம் உள்ளே போய்க் கொடுக்கால் வாயை அடைத்துப் பார்த்தது. சரியாகப் பொருந்தியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவர் கையைப் பிடித்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

அங்கே ஐந்தரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடுகிறது. கடிகாரம் நம்முடையதேதான், பொழுது மட்டும் முந்திக்கொள்கிறது. டோங்கிக்காரரிடம் மூடியைக் காட்டினேன். தாய்லாந்து, பர்மா பக்கத்துக் குப்பையெல்லாம் அலையில் இங்கேதான் ஒதுங்குகிறது என்று இந்தியில் சொன்னார். மூடியின் மேல் எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து இருந்தது. நம் கரையில் விழுகிற மூடி எந்தத் தீவில் போய் ஒதுங்குகிறதோ என்று திரும்பும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

அந்த மூடியை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். சோப்புப் போட்டுக் கழுவியாயிற்று. உன் மகளிடம் கொடுத்துவிட்டு முழுக்கதையையும் சொல். மூடியின் உள்விளிம்பில் கீறல்கள் இருக்கும், அந்த நண்டின் கால் பட்ட இடம் அது. விரலால் தடவிப் பார்க்கச் சொல்.

அம்மாவுக்கு என் வணக்கம். அப்பாவின் கடைப் பெட்டியில் நம் பல்லாங்குழிச் சோழி இன்னும் கிடக்கிறதா என்று பார்த்து எழுது.

உன் அன்பு,
பக்கத்துத் தெருக்காரி