ஹெல்மெட்டில் கேமரா மாட்டி வண்டி ஓட்டும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் நண்பர்களே,

ஞாயிறு காலையில் சும்மா ஒரு ரவுண்டு போய்வரலாம் என்று கிளம்புகிறோம், கேமராவை ஆன் செய்கிறோம், திரும்பி வந்ததும் பார்க்க நன்றாக இருக்கிற மூன்று நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பாட்டுச் சேர்த்துப் பகிர்கிறோம். நானும் பல வருடம் இதைத்தான் செய்தேன். நாம் தூக்கிப் போடுகிற அந்த மீதி நாற்பது நிமிடத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

போன மாதம் ஒரு பயணத்தை வெட்டாமல் முழுசாக உட்கார்ந்து பார்த்தேன். அதில் ஒரு வளைவு, வெளி ஓரத்தில் ஜல்லி சிதறிக் கிடக்கிறது. ஜல்லியைப் பார்த்ததும் விலகிப் போய்விட்டேன் என்றுதான் என் மனதில் பதிந்திருந்தது. வீடியோவில் அப்படி இல்லை. கேமரா ஹெல்மெட்டில் இருப்பதால் தலை திரும்புகிற பக்கம்தான் அதுவும் திரும்பும். முழுசாக இரண்டு விநாடி, திரையின் நட்டநடுவில் அந்த ஜல்லிதான் இருக்கிறது, வளைவு முடிகிற இடம் திரையிலேயே இல்லை. வண்டியும் நூல் பிடித்த மாதிரி அதை நோக்கியே போகிறது. கடைசியில் தலை திரும்புகிறது, அப்புறம்தான் வண்டி விலகுகிறது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் இரண்டு விநாடி என்றால் சுமார் 28 மீட்டர். அவ்வளவு தூரமும் போக வேண்டிய இடத்தைப் பார்க்காமலேயே போயிருக்கிறேன். பார்வை போகும் பக்கம்தான் வண்டி போகும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அதனால்தான் கேட்கிறேன், பாட்டுப் போடும் முன் ஒரு தடவை எஞ்சின் சத்தத்தைக் கேளுங்கள். வளைவுக்குள் நுழைந்த பிறகு கியர் குறைத்திருந்தால் எஞ்சின் சட்டென்று உறுமும். அது வளைவுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலை, அதாவது வேகத்தைச் சரியாகக் கணிக்கவில்லை என்று அர்த்தம். கேமராவை ஒரு நாள் நெஞ்சில் மாட்டிப் பாருங்கள், கை இரண்டும் தெரியும். முழங்கை விறைத்திருக்கிறதா, முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்கிறீர்களா, இல்லை கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குகிறீர்களா என்று பாருங்கள். இறுக்க இறுக்க எடை முன் சக்கரத்துக்கு வரும், பிடிப்பும் கூடும். வெடுக்கென்று பிடித்தால் எடை வந்து சேரும் முன்பே சக்கரம் பூட்டிக்கொள்ளும். 1981-இல் ஹாரி ஹர்ட் குழுவினர் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு 900-க்கும் மேற்பட்ட மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்தது. விபத்தைத் தவிர்க்கப் பொதுவாக இரண்டு விநாடிகூடக் கிடைப்பதில்லை, அந்த நேரத்தில் பலர் பின் பிரேக்கை மிதித்துச் சறுக்கவிட்டு முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவே இல்லை என்கிறது அது. அந்த நேரத்தில் யோசித்துச் செய்ய முடியாது, கை பழகியிருக்க வேண்டும்.

கேமராவில் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். அடிவானத்தை நேராக நிறுத்துகிற வசதி ஆன் ஆகியிருந்தால் நீங்கள் எவ்வளவு சாய்ந்தீர்கள் என்பதே தெரியாது, அதை அணைத்துவிடுங்கள். அகலக் கோணத்தில் எல்லாம் தள்ளி இருப்பது போலத் தெரியும், அதைப் பார்த்துவிட்டு அடுத்த முறை வேகத்தைக் கூட்டாதீர்கள். தயவுசெய்து கூட்டாதீர்கள். வண்டி ஓடும்போது கேமராவின் பொத்தானைத் தொடவும் வேண்டாம்.

நம் குழுவில் மாதம் ஒரு முறை யாராவது ஒருவரின் வெட்டாத பத்து நிமிடத்தை எல்லோரும் சேர்ந்து பார்க்கலாமா? கேலி இருக்கக் கூடாது, எங்கே பார்த்தார், எப்போது பிரேக் பிடித்தார் என்று மட்டும் பேசுவோம். முதல் வீடியோ என்னுடையதாக இருக்கட்டும். அந்த ஜல்லி வளைவையே போடுகிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்