சில்வியா சிக்கியது நுங்கம்பாக்கத்தில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் சில்வியா குறுங்கோள் பற்றிய கட்டுரை படித்தேன். கண்டவர் ஆங்கிலேயர் என்பதோடு முடித்துவிட்டீர்கள். எங்கிருந்து கண்டார் என்று சொல்ல வேண்டாமா? நுங்கம்பாக்கத்திலிருந்து! 1866 மே 16, கத்திரி வெயில் காலத்து ராத்திரி. மதராஸ் வானாய்வகத்தில் இருந்த நார்மன் போக்சன் கண்ணில் பட்டது அது. 1861-ல் அங்கிருந்தே அவர் கண்ட இன்னொன்றுக்கு ஏஷியா என்று பெயர். ஆசியாவில் கண்டுபிடித்த முதல் குறுங்கோள் அதுதான். ஆய்வகத்தின் முதல் கருவிகளைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழ்க் கல்வெட்டோடு, இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது.

தலைப்பில் 'விண்கல்' என்று போட்டதும் சரியில்லை. விண்கல் பூமியில் வந்து விழுவது. இது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே, ஆறரை வருஷத்துக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நீளம் சுமார் 360 கிலோமீட்டர். நெல்லையில் பஸ் ஏறினால் கிட்டத்தட்ட பெரம்பலூர். அந்த பஸ் போய்ச் சேருவதற்குள் சில்வியா தன்னைத்தானே ஒரு சுற்று சுற்றிவிடும், 5 மணி 11 நிமிஷம்தான்! 2001-லும் 2004-லும் கண்ட இரு நிலாக்களுக்கு ரோமுலஸ், ரீமஸ் என்று பெயர். ரோமானியப் புராணத்தில் அந்த இரட்டையரின் தாய் ரேயா சில்வியா. பொருத்தமான பெயர்தான்.

இத்தனை பெரிய உருவம், ஆனால் அடர்த்தி தண்ணீரைப் போல 1.2 முதல் 1.4 மடங்கு வரைதான். நம் கருங்கல் 2.7 மடங்கு. உள்ளே நிறைய இடைவெளி இருக்க வேண்டும், பனிக்கட்டியும் கலந்திருக்கலாம் என்கிறார்கள். பேத்திக்கு இது விளங்கவில்லை. மாடி கட்ட இறக்கியிருந்த முக்கால் ஜல்லியை ஒரு பத்து லிட்டர் வாளியில் தலைதட்ட நிரப்பி, செம்பால் அளந்து தண்ணீர் ஊற்றினேன். வழிவதற்குள் நாலு லிட்டருக்கு மேல் குடித்துவிட்டது. பிள்ளை வாயைப் பிளந்தாள். கொத்தனார்தான், "என்ன சார்வாள், ஜல்லிக்குத் தண்ணி பாய்ச்சுதியளா?" என்றார்.

அடுத்த ஞாயிறு திருத்தம் போடும்போது அந்தத் தூணின் படத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
கல்லிடைக்குறிச்சி