செலவு இல்லை என்று டிக் போட்ட நாள்

அன்புள்ள தோழி,

எட்டு மாதம் ஆகிவிட்டது. நடுவில் நான்கு முறை எழுத உட்கார்ந்தேன். ‘நலம், நலமறிய ஆவல்’ வரைக்கும் வரும், அதோடு மூடி வைத்துவிடுவேன். இங்கே எல்லோரும் சுகம். சின்னவனுக்கு மூக்குக்கண்ணாடி வந்துவிட்டது. பெரியவள் என் தோளைத் தாண்டிவிட்டாள். இவர் முழங்கால் வலியோடு நடக்கிறார், டாக்டரிடம் போகச் சொன்னால் நாளைக்கு என்கிறார். நெட்டையன் போன மாதம் போன் செய்தான். உன்னை விசாரித்தான். மறுபடியும் அந்த மைப்புட்டிக் கதையை ஆரம்பித்தான், நான் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். எடுத்தவுடனே சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீ கேட்டதற்கு முதலில் பதில் எழுதிவிடுகிறேன், அப்புறம் அதற்கு வருகிறேன்.

‘சம்பளம் வந்த பத்தாம் நாளே கை காலியாகிவிடுகிறது, நீ மட்டும் எப்படிடீ சேர்க்கிறாய்?’ என்று கேட்டிருந்தாய். அதே கடிதத்தில் மூன்றாவது குடை வாங்கியதையும் எழுதியிருந்தாய். முதல் இரண்டும் எங்கே போயின என்று நான் கேட்கப் போவதில்லை. கல்லூரியில் என் குடையைத்தான் நீ நாலு வருடம் பிடித்துக்கொண்டு திரிந்தாய்.

குடையை விடு. நீ எழுதியிருந்த அந்தக் கிரெடிட் கார்டுக் கடன்தான் எனக்குப் பகீர் என்றது. மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பதாக எழுதியிருக்கிறாய். நிம்மதியாக இருக்காதே. 72 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள். அதை வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரண்டு மடங்காக எவ்வளவு காலம் ஆகும் என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். வருடத்துக்கு 6 சதவீதம் தரும் சேமிப்பு இரட்டிப்பாக 12 வருடம். மாதத்துக்கு 3 சதவீதம் வட்டி ஏறும் கடனைக் கட்டாமல் விட்டால் அது இரட்டிப்பாக 24 மாதம் போதும். நீ ஒரு பக்கம் சிறுகச் சிறுகச் சேர்த்துக்கொண்டு, மறுபக்கம் அந்தக் கடனையும் வைத்திருந்தால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான். ஒரு மாதச் செலவுக்கு ஆகும் பணத்தை மட்டும் ஆபத்துக்கு என்று ஒதுக்கி வை. மிச்சம் எது கையில் வந்தாலும் அந்தக் கடனில் போடு. அது தீர்ந்த பிறகு ஆபத்துப் பணத்தை மூன்று மாதச் செலவாக்கு, முடிந்தால் ஆறு மாதமாக்கு. வேறு எதையும் அதற்கு முன்னால் யோசிக்காதே. அந்தப் பணம் இருந்தால்தான் பல்வலி வந்தாலும் வண்டி நின்றுபோனாலும் நீ மறுபடி கார்டைத் தேடி ஓட மாட்டாய்.

சிக்கனம் என்றதும் எதை நிறுத்தலாம் என்றுதான் எல்லோரும் யோசிக்கிறார்கள். முதல் மூன்று மாதம் நீ எதையும் நிறுத்தாதே. எழுது, போதும். ஒரு நோட்டு வாங்கி உன் கையாலேயே எழுது. போனில் தட்டுவதற்கும் கையால் எழுதுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. கையால் எழுதும்போது அந்த ஒரு நிமிடம் அந்தச் செலவோடு நீ உட்கார்ந்திருக்க வேண்டும். ஜப்பானில் ஹானி மோத்தோகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904இலேயே வீட்டுக் கணக்கு எழுத என்று ஒரு நோட்டை அச்சிட்டுக் கொடுத்தார். காகெய்போ என்று அதற்குப் பேர். இப்போது அந்த முறையில் எழுதுகிறவர்கள் செலவை நாலு பத்தியாகப் பிரிக்கிறார்கள்: தேவை, விருப்பம், படிப்பும் கலையும், எதிர்பாராதது. நானும் அப்படித்தான் எழுதுகிறேன். இந்த நாலு பத்தியை ஞாபகத்தில் வை, பின்னால் இதற்கு வருவேன்.

எழுத ஆரம்பித்தால் தானாகச் சில விஷயங்கள் தெரியவரும். எனக்கு முதலில் தெரிந்தது, வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவுகளை ஒவ்வொரு வருடமும் நான் ‘எதிர்பாராதது’ பத்தியில் எழுதிக்கொண்டிருந்தேன் என்பது. இன்சூரன்ஸ், பள்ளிக் கட்டணம், வண்டி சர்வீஸ். தேதி தெரிந்த செலவு எப்படி எதிர்பாராததாகும்? எல்லாவற்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து மாதாமாதம் தனியாகப் போட்டேன். அந்த ஒரு காரியத்திலேயே வீட்டில் பாதிச் சண்டை நின்றது.

அப்புறம், சம்பளம் வந்த அன்றே சேமிப்பு தானாக வேறு கணக்குக்குப் போய்விட வேண்டும். செலவு போக மிஞ்சியதைச் சேர்க்கலாம் என்றால் மிஞ்சவே மிஞ்சாது. இப்போதைக்கு உன்னால் முடியாது என்றால் அடுத்த சம்பள உயர்வில் பாதியை இப்போதே எழுதிக் கொடுத்துவிடு. கையில் வராத பணத்தை விட்டுக்கொடுப்பதில் வலியே இருக்காது. ரிச்சர்ட் தேலர், ஷ்லோமோ பெனார்ட்ஸி என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு நிறுவனத்துத் தொழிலாளர்களிடம் இதைச் செய்து பார்த்து 2004இல் எழுதினார்கள். சம்பளத்தில் சராசரியாக 3.5 சதவீதம் சேர்த்துக்கொண்டிருந்தவர்கள் 40 மாதத்தில் 13.6 சதவீதத்துக்கு வந்துவிட்டார்கள். யாரும் வயிற்றைக் கட்டவில்லை.

வாங்க நினைப்பதை எல்லாம் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். பொருளின் பேர், பக்கத்தில் தேதி. முப்பது நாள் கழித்தும் வேண்டும் என்று தோன்றினால் வாங்கலாம். போன வருடம் அந்தத் தாளில் நாற்பத்தொன்று எழுதியிருந்தேன், வாங்கியது ஒன்பது. அடித்த முப்பத்திரண்டில் சிலவற்றை எதற்கு எழுதினேன் என்றே இப்போது புரியவில்லை. ‘சின்ன ஏணி’ என்று மூன்று இடத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஏணி போட்டு ஏறுவதற்கு ஒன்றும் இல்லை.

சரி, இனிமேல்தான் எனக்குப் பைத்தியம் பிடித்த இடம். பாதியில் விட்ட படிப்பு உனக்குத் தெரியும். ஒரு வருடம் சம்பளம் இல்லாமல் இருந்து அதை முடிக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு ஒரு வருடச் செலவு கையில் வேண்டும். ஒருநாள் ராத்திரி உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். சம்பளத்தில் நூற்றுக்கு 10 சேர்க்கிறவளுக்குச் செலவு 90. ஒரு வருடச் செலவைச் சேர்க்க அவளுக்கு 9 வருடம் ஆகும். 20 சேர்த்தால் செலவு 80, அதனால் 4 வருடம். 25 சேர்த்தால் 3 வருடம். பாதிக்குப் பாதி சேர்த்தால் ஒரே வருடம். வட்டியையும் விலைவாசியையும் விட்டுவிட்டுப் போட்ட கணக்குதான், ஆனாலும் பார். செலவைக் குறைத்தால் சேர்ப்பது கூடுகிறது, சேர்க்க வேண்டிய தொகையும் குறைகிறது. கயிற்றை இரண்டு பக்கமும் இழுத்த மாதிரி. அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. இவரை எழுப்பிக் காட்டினேன்.

கடனும் தீர்ந்து, ஆபத்துப் பணமும் சேர்ந்த கையோடு தொடங்கினேன். 20 முடியும் என்று நோட்டு சொன்னது. 25 ஆக்கினால் ஒரு வருடம் முன்னாலேயே முடியுமே என்று எனக்குத் தோன்றியது. வீட்டுச் செலவில் குறைக்க ஒன்றும் பாக்கி இல்லை. 60 வாட் பல்புகள் போய் 9 வாட் எல்இடி வந்து வெகுகாலம் ஆகிறது. செருப்பைத் தைத்துப் போடுகிறோம். பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் பழையதுதான். ஆக, அந்த 5 எங்கிருந்து வந்தது தெரியுமா? ‘விருப்பம்’ பத்தியிலிருந்து. அலுவலகத்தில் யாருக்காவது பரிசு வாங்கப் பணம் சேர்த்தால் அந்த நேரம் பார்த்து எழுந்து போனேன். விசேஷங்களுக்கு வாழ்த்து மட்டும் அனுப்பினேன். சித்தியைப் பார்க்கப் போவதை மாதம் ஒன்றிலிருந்து வருடம் இரண்டாக்கினேன். இவை எல்லாம் அந்தப் பத்தியில்தான் இருந்தன.

செலவே இல்லாத நாளுக்கு நோட்டில் பச்சை மையில் ஒரு டிக் போடுவேன். மாதத்துக்கு எத்தனை டிக் என்று எண்ணுவதில் ஒரு சந்தோஷம். போன வாரம் வருடக் கணக்கை மூட உட்கார்ந்து டிக்குகளை எண்ணிக்கொண்டே வந்தேன். ஒரு பக்கத்தில் விரல் நின்றுவிட்டது. தேதியைப் பார்த்தேன். உன் அம்மா போன நாள்.

‘செலவு இல்லை’ என்று எழுதி, பக்கத்தில் டிக் போட்டிருக்கிறேன்.

உன்னிடம் அப்போது என்ன சொன்னேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. விடுப்புக் கிடைக்கவில்லை என்றேன். அது பொய். நான் விடுப்பே கேட்கவில்லை. டிக்கெட் என்ன விலை என்று பார்த்தேன், அவசரமாகப் போவதால் இரண்டு மடங்கு காட்டியது. நோட்டைத் திறந்து பார்த்தேன், அந்த மாத ‘விருப்பம்’ பத்தியில் இடம் இல்லை. நோட்டை மூடிவிட்டு உனக்கு நாலு வரி மெசேஜ் அனுப்பினேன். உன் அம்மாவைப் பார்க்க வருவதை நான் விருப்பம் என்று எழுதி வைத்திருந்தேன். இதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. எட்டு மாதம் எழுதாததற்கும் இதுதான் காரணம்.

நீ ‘பரவாயில்லடீ’ என்று ஒரே வார்த்தை அனுப்பினாய். நீ என்னைத் திட்டியிருக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தையை எட்டு மாதமாகத் திறந்து திறந்து பார்க்கிறேன். பரவாயில்லை என்று நீ மனதாரச் சொன்னாயா, என்னிடம் பேசத் தெம்பில்லாமல் சொன்னாயா என்று எனக்குத் தெரியவில்லை.

உன் அம்மாவின் உறைகள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? தபாலில் வந்த பழைய உறைகளைப் பிரித்து உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி ஒட்டி, பீரோவில் துணிக்கு அடியில் வரிசையாக வைத்திருப்பார்களே. வாடகை, பள்ளிக்கூடம், மருந்து என்று பென்சிலால் எழுதியிருக்கும். மாதக் கடைசியில் அழிரப்பரால் அழித்து வேறு பேர் எழுதுவார்கள். நீயும் நானும் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். பணத்துக்குப் பேர் எழுதி வைத்தால் அதை நாம் வேறு எதற்கும் தொடத் தயங்குகிறோம், எல்லாம் ஒரே பணம் என்று தெரிந்தும் தயங்குகிறோம். மனதில் இப்படித் தனித்தனிக் கணக்கு வைப்பதை ஆராய்ந்தவர் என்றும் மேலே சொன்ன அதே தேலருக்கு 2017இல் பொருளாதார நோபல் பரிசு கொடுத்தார்கள். அம்மா அதை ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு செய்தார்கள்.

ஆனால் எனக்கு இப்போது ஞாபகம் வருவது கடைசியில் இருந்த உறை. அதில் பேர் எழுதியிருக்காது. என் அப்பா நோயில் படுத்த வருடம், எனக்குத் தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள். நான் உன் வீட்டு வாசலில் நின்று உன்னிடம்தான் சொன்னேன். அம்மா உள்ளே இருந்து அந்த உறையைக் கொண்டுவந்தார்கள். எண்ணவில்லை, அப்படியே என் கையில் வைத்தார்கள். திருப்பித் தந்துவிடுகிறேன் என்றதற்கு, ‘எந்தக் கவர்ல போடுவேன்? அதுக்குத்தான் பேரே இல்லையே’ என்றார்கள். அவ்வளவு கெட்டியாகக் குடும்பம் நடத்தியவர்கள், நாலு பேருக்குத் தெரியாமல் அதை மட்டும் எப்போதும் நிரப்பி வைத்திருந்தார்கள்.

அம்மாவின் கூடவே இருந்து பார்த்தவள் நான். உறைகளைக் கற்றுக்கொண்டேன், அந்த ஒரு உறையை விட்டுவிட்டேன்.

முந்தாநாள் மறுபடி கணக்குப் போட்டேன். இரண்டு வருடமாக 25 சேர்த்துவிட்டேன். இப்படியே போனால் இன்னும் ஒரு வருடத்தில் முடியும். 20க்கு இறங்கினால் ஒன்றரை வருடம் ஆகும். ஆறு மாதம்தான் வித்தியாசம். அந்த எண்ணையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் வந்து விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்டார், நான் பதில் சொல்லவில்லை. இந்த மாதத்திலிருந்து 20. விடுகிற 5 ஐந்தாவது பத்திக்குப் போகிறது. அதற்குத் தலைப்பு எழுதவில்லை. பச்சை மைப் பேனாவைச் சின்னவனிடம் கொடுத்துவிட்டேன்.

நீ சேமிக்க ஆரம்பி, கட்டாயம் ஆரம்பி. கார்டுக் கடன் விஷயத்தில் நான் ஒரு அங்குலம்கூட இறங்கி வரமாட்டேன். வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பேன். ஆனால் முதல் நாளே அந்தப் பேரில்லாத பத்தியைப் போட்டுவிடு, அதில் நூற்றுக்கு ஒன்று விழுந்தாலும் சரி.

அடுத்த மாதம் 12ஆம் தேதி காலையில் வருகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். நாலு நாள் இருப்பேன், இந்த முறை விடுப்பு நிஜமாகவே கேட்டு வாங்கியிருக்கிறேன். நீ கோபமாக இருந்தால் கோபமாகவே இரு, வந்து வாங்கிக்கொள்கிறேன். பீரோவை நீ இன்னும் காலி செய்யவில்லை என்று நெட்டையன் சொன்னான். நான் வரும்வரை செய்யாதே. அந்த உறைகளில் ஒன்று எனக்கு வேண்டும்.

உன்
முதல் பெஞ்சுத் தோழி

பி.கு.: அந்த மூன்றாவது குடையை எனக்காக எடுத்து வை. எங்கள் வீட்டில் இருப்பது ஒன்றுதான், அது இவரோடு போகிறது.