முறக்கைக்காரிக்கு

அன்புள்ள ஸ்டெல்லா,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை. ஆல்டோ அக்கா போன் செய்தாள். அவள் மகன் கல்யாணத்துக்கு நீ வராததை இன்னும் மறக்கவில்லை. அதை நீயே பேசித் தீர்த்துக்கொள்.

நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. என்னிடம் ஏழு வருஷமாகப் பியானோ படிக்கிற பெண், 17 வயது. ஒரு மாதம் முன்னால் நோட்ஸோடு வந்து நின்றாள். ஷோபான் பியானோவுக்கு எழுதிய ஜி மைனர் பாலாட். ஆமாம், அதேதான். "மிஸ், டிப்ளமாவுக்கு இதை வாசிக்கட்டுமா?" என்றாள். நான் யோசிக்கவே இல்லை. "உனக்குக் கை சின்னதும்மா, இது வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். அவள் பதில் பேசவில்லை. சுடிதார் கையை இழுத்து விரல்களை உள்ளே மறைத்துக்கொண்டாள்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அது என் வாயிலிருந்து வந்த வேறொருவர் பேச்சு. யாருடையது என்று உனக்குத் தெரியும். அந்தக் கிறிஸ்துமஸ் கச்சேரியில் நீ பாலாட் வாசித்தாய், நான் பக்கத்தில் நின்று தாள் திருப்பினேன். உன்மேல் எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை. நீ வாசித்த அழகில் நான் இரண்டு இடத்தில் திருப்பவே மறந்தேன். ஆனால் அதற்குப் பிறகு 30 வருஷம் அந்த நோட்ஸை நான் திறக்கவில்லை. நம் பியானோ சார் என் கையைப் பார்த்தார், அளக்கவில்லை.

அதனால் அடுத்த வகுப்பில் முதல் வேலையாக ஸ்கேலை எடுத்து அவள் கையை அளந்தேன். நன்றாக விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை 18 சென்டிமீட்டர். பியானோவில் ஒரு ஆக்டேவ், அதாவது ஒரு ஸவிலிருந்து அடுத்த ஸ வரை, கட்டையின் நடுவிலிருந்து நடுவுக்கு, சுமார் 16.5. ஆக, ஆக்டேவ் எட்டும். அதற்கு அடுத்த கட்டை எட்டாது. உன் முறத்தை அளந்தால் 22க்குக் குறையாது. நீங்கள் இருவரும் ஒரே பக்கத்தைத் திறந்தாலும் உங்கள் முன்னால் இருப்பது ஒரே பாட்டு இல்லை, ஸ்டெல்லா. இதைத்தான் நான் இத்தனை நாளாகப் புரிந்துகொள்ளாமல் பாடம் நடத்தியிருக்கிறேன்.

ஜெர்மனியில் ஹென்லே பதிப்பகம் ஒவ்வொரு பாட்டுக்கும் 1 முதல் 9 வரை எண் போடுகிறது. 7, 8, 9 என்றால் கடினம். பயனுள்ள வேலைதான், நானும் பார்த்துத்தான் பாடம் எடுக்கிறேன். ஆனால் அந்த எண்ணுக்கு எந்தக் கையும் தெரியாது. ரஹ்மானினோஃப் 1909இல் எழுதிய மூன்றாவது பியானோ கான்சர்ட்டோவை ஜோசப் ஹோஃப்மனுக்குக் காணிக்கையாக்கினார். எழுதியவர் கை பிரம்மாண்டம். ஹோஃப்மன் உலகமே கொண்டாடிய கலைஞர், ஆனால் சின்னக் கை. ஸ்டெய்ன்வே பியானோ கம்பெனி அவருக்காகக் கட்டைகளைக் கொஞ்சம் குறுக்கிப் பியானோ செய்துகொடுத்தது. அந்தக் கான்சர்ட்டோவை அவர் கடைசிவரை மேடையில் வாசிக்கவில்லை. அவருக்கு வாசிக்கத் தெரியாது என்று எவனாவது சொல்வானா?

சரி, பாலாட்டுக்கு வருகிறேன். மூன்று வாரம், தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, 264 பாரையும், அதாவது கோடு போட்டுப் பிரித்த தாளக் கட்டங்களை, ஒவ்வொன்றாக எடுத்தேன். கை போதாத இடத்துக்குச் சிவப்புப் பென்சில், வேகத்தால் கஷ்டமான இடத்துக்கு நீலம், புரிந்துகொண்டு வாசிக்க வேண்டிய இடத்துக்குப் பச்சை. பக்கமெல்லாம் சிவப்பாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை!

எல்லோரும் பயப்படுகிற கோடா, அந்த முடிவுப் பகுதி இருக்கிறதே, 208ஆம் பாரில் தொடங்குகிற 'பிரெஸ்டோ கோன் ஃபூகோ' (அதிவேகமாக, நெருப்போடு), அதில் சிவப்பு கொஞ்சம்தான். வலக்கை நெருங்கிய இடத்திலேயே புரள்கிறது. இடக்கை கீழே தட்டிவிட்டு மேலே கார்டுக்கு, அதாவது சேர்த்து அடிக்கிற நோட்டுகளுக்கு, தாவுகிறது. தாவலுக்கு வேண்டியது குறி, விரிவு இல்லை. கண்ணை மூடித் தாவிப் பழகினால் வரும். அப்புறம், ஷோபான் வாசித்த பிளேயெல் பியானோக்களின் கட்டைகள் இன்றைய கான்சர்ட் பியானோவைவிட லேசானவை. நாம் அந்தப் பக்கத்தில் படுகிற கஷ்டத்தில் ஒரு பங்கு பியானோவின் கனத்தால் வருவது.

68ஆம் பாரில் ஈ ஃபிளாட்டில் வருகிற மெட்டுக்கு இடக்கை அகலமாகப் பரவுகிறது. அதற்கும் பயப்பட வேண்டாம், பெடல் பிடித்துக்கொள்ளும், மணிக்கட்டு நகர்ந்தால் போதும். நிஜமான சிவப்பு 106இல்தான். அதே மெட்டு ஏ மேஜரில் முழு பலத்தோடு வருகிறதே, ஆக்டேவுக்குள் நோட்டுகளை அடைத்துக்கொண்டு. அங்கே இடக்கையிலும் இருக்கிற உள்நோட்டை வலக்கையிலிருந்து எடுத்துவிட்டு வாசித்துப் பார்த்தேன். கூடத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவைக் கேட்டேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்றாள். இரண்டாவது சிவப்பு கடைசிப் பக்கத்தில், இரு கையும் எதிரெதிராக ஓடுகிற ஆக்டேவுகள். உன்னைப் போல கருப்புக் கட்டைக்கு நாலாம் விரல் போட அவளால் முடியாது. எல்லாவற்றுக்கும் ஐந்தாம் விரல்தான். ஒவ்வொரு ஆக்டேவுக்கும் நடுவில் கையை மூடித் தளர்த்தச் சொல்லியிருக்கிறேன். வலித்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். இந்த ஒரு விஷயத்தில்தான் எனக்கு இன்னும் பயம். கை கெட்டுப்போனால் எந்த டிப்ளமா திருப்பித் தரும்?

போன சனிக்கிழமை அவளைக் கூப்பிட்டு, "நான் சொன்னது தப்பு, வாசிக்கலாம்" என்றேன். இந்த வருஷப் பரீட்சைக்கு இல்லை, முழுசாக ஒரு வருஷம் எடுத்துக்கொண்டு. தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு, யாரும் சொல்லாமலே, முதல் ஏழு பாரை வாசித்தாள். ஜி மைனர் பாட்டு, ஆனால் ஏ ஃபிளாட்டில் கதவைத் திறக்கிறது. அந்த ஏழாவது பாரில் இடக்கை கார்டில் ஒரு ஈ ஃபிளாட் உறுத்துமே, சில பழைய பதிப்புகளில் டி என்று மாற்றியிருப்பார்களே, அந்த இடம். அவள் ஈ ஃபிளாட்டை அழுத்தி அப்படியே விட்டாள். சத்தம் தேய்ந்து தேய்ந்து, தெருவில் போன ஸ்கூட்டர் கேட்கிற வரைக்கும் காத்திருந்தாள். நான் அந்த இடத்தில் பச்சை போட்டிருந்தேன், நான் சொல்லிக்கொடுக்க எதுவும் மிச்சமில்லை.

இப்போது நீ செய்ய வேண்டியது. உன் பழைய நோட்ஸ் பரணில்தான் இருக்கும், தூக்கிப் போட்டேன் என்று சொல்லாதே. 138க்குப் பிறகு துள்ளிக்கொண்டு போகிற பகுதிக்கு நீ எழுதி வைத்த ஃபிங்கரிங் எனக்கு வேண்டும், அதில் நீ நாலாம் விரலை எங்கேயோ வித்தியாசமாகப் போட்டிருந்தாய். படம் எடுத்து அனுப்பு. அதோடு உண்மையைச் சொல், அந்தக் கையை வைத்துக்கொண்டும் உனக்கு எந்த இடம் கஷ்டமாக இருந்தது? அன்று நான் கேட்கவே இல்லை.

இன்னொன்று. ராத்திரி அவளுக்காகப் பென்சில் போடுகிறேன் என்று உட்கார்ந்து, இப்போது நானும் வாசிக்கிறேன். 105ஆம் பார் வரை வந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போன் செய். பிள்ளைகளுக்கு என் அன்பு.

உன்
தாள் திருப்புகிறவள்